இலை உருவும் நாள்

தளியில் குளிர் உண்டு.
ஸ்வெட்டர் போடும் அளவுக்குத்தான்;
ஆப்பிள் மரம் தூங்கும் அளவுக்கு இல்லை.
தூங்காத மரம் பூக்காது என்று
எங்களுக்குத் தெரிய ஆறு வருடம் ஆனது.

அப்பா லகுமையா லாரி ஓட்டினார்.
ஓசூரிலிருந்து பர்வானுவுக்கு
பெட்டி பெட்டியாய் உதிரிபாகம்.
ஒருமுறை திரும்புகையில் சீட்டுக்கு அடியில்
ஈரச்சாக்கில் சுற்றிய ஐம்பது கன்றுகள்.
நாக்பூர் வெயிலில்
குடிக்க வைத்திருந்த தண்ணீரை அவற்றுக்கு ஊற்றிவிட்டு
கிளீனர் முனிரத்தினத்திடம் வசவு வாங்கினார்.
வந்து சேர்ந்தது நாற்பத்திரண்டு.
முதல் கோடை பதினொன்றைத் தின்றது.
மிச்சம் முப்பத்தொன்று.
இந்த எண்ணை நினைவில் வையுங்கள்,
கோர்ட்டில் வரும்.

ஆறு வருடம் இலை, இலை, வெறும் இலை.
'லகுமையாவின் ஆட்டுத்தழை' என்றது ஊர்.
ஏழாவது கார்த்திகையில்
ஜவளகிரிக் காட்டிலிருந்து இறங்கிய யானைகள்
ராகிப் போரை முடித்துவிட்டுப்
போகிற போக்கில் நாலு மரத்தை மொட்டையடித்தன.
அம்மா மண்ணை வாரித் தூற்றினாள்.

தையில் அந்த நாலில் மட்டும் பூ.
அப்பா பூவைப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை.
ஏணி எங்கே என்றார்.

அன்றிலிருந்து மார்கழி முதல் ஞாயிறு
நாங்கள்தான் அந்த மரங்களின் பனிக்காலம்.
ஒவ்வொரு இலையாக, காம்போடு,
மொட்டு பிசகாமல்.
மாலையில் விரலிடுக்கெல்லாம் பச்சைக்கறை;
களியோடு சேர்ந்து கசப்பும் உள்ளே போகும்.

பழம் கொய்யா அளவு.
ஒரு கன்னம் மட்டும் சிவப்பு.
தேன்கனிக்கோட்டைச் சந்தையில்
"கொய்யா கிலோ என்ன விலை?" என்றே கேட்டார்கள்.
பெரியண்ணன் மாதேசன் பெங்களூர் போய்
வாஷிங்டன் என்று அச்சடித்த ஸ்டிக்கர்
ஒரு சுருள் வாங்கிவந்தான்.
அந்த வாரம் இரண்டு மடங்கு விலை.
திட்டுவார் என்று பயந்தோம்.
"சுருள் எவ்வளவுடா?" என்று மட்டும் கேட்டார் அப்பா.

அவர் போன பிறகு பாகம் பிரித்தார்கள்.
மாதேசனுக்குப் பதினைந்து.
திம்மராஜுக்குப் பதினைந்து.
எருக்குழி ஓரத்து ஒற்றை மரம்
"ருத்ரம்மாவுக்கு, பொண்ணு ஆசைப்பட்டா தின்னட்டும்."
வக்கீல் கால்குலேட்டரில் போட்டுக் காட்டினார்:
முப்பத்தொன்றை மூன்றால் வகுத்தால்
பத்து, புள்ளி, மூன்று, மூன்று, மூன்று.
திரை முடிகிற வரைக்கும் மூன்று.
வழக்கும் அப்படித்தான் போகிறது.

வழக்குப் போட்ட வருடம்
என் மரத்தைச் சுற்றி முள்வேலி கட்டினேன்.
ஓர் இலையையும் தொடவில்லை.
அண்ணன்களின் முப்பதும் சொல்லிவைத்தாற்போல் பூத்தன.
சொல்லிவைத்தாற்போல் உதிர்ந்தன.
மருந்தடித்தார்கள். பூசாரியை அழைத்தார்கள்.
யாரோ செய்வினை என்றார்கள்,
யாரோ என்றால் நான்.

தோட்டக்கலை அலுவலகத்துப் பையன் ஒருவன்
பைக்கை நிறுத்தி, முள்வேலிக்குள் எட்டிப் பார்த்து,
"இது மட்டும் வேற ரகம்" என்றான்.
சாக்கில் தப்பி வந்த ஒன்று.
இதன் மகரந்தம் இல்லாமல் அவை காய்க்காது,
அவை இல்லாமல் இதுவும்.
எல்லாம் ஒரே வாரம் பூக்க வேண்டும்,
ஆகவே ஒரே நாளில் உருவ வேண்டும்.

வேலியை நான்தான் வெட்டினேன்.
வழக்கை வாபஸ் வாங்கவில்லை.

இன்று அந்த ஞாயிறு.
திம்மராஜ் பேசாமல் பிளாஸ்க் மூடியில்
டீ ஊற்றி, என் பக்கத்துக் கல்மேல் வைத்துவிட்டுப் போகிறான்.
என் மரம் எப்போதும் கடைசி.
மாதேசன் மேலே, நான் கீழே.
இலைகள் என் தலையில் விழுகின்றன.

"புதன்கிழமை வாய்தா எத்தனை மணிக்கு?"
"பத்தரைக்கு."
"பஸ்ஸுலயா வர்ற?"
"ஆமா."

கொஞ்ச நேரம் இலை மட்டும்.

"ஏணியைச் சரியாப் பிடி."